சிவப்புக் கோடு வரைக்கும்

கடைத்தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சைபர் என்றால் எல்லாருக்கும் தெரியும். எடை மெஷின் மக்கர் பண்ணினால், "சைபருக்கு ஒரு போனைப் போடுப்பா" என்பார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து நகைக்கடை வரைக்கும் அவர் கை படாத மெஷின் கிடையாது.

பெயர் வந்ததற்குக் காரணம் அவரேதான். மெஷினைச் சரிசெய்து முடித்ததும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள் இல்லை. கடைக்காரரைக் கூப்பிட்டு, தட்டில் ஒன்றும் இல்லாதபோது திரையில் சைபர் நிற்பதைக் காட்டுவார். அதோடு விடமாட்டார். கடையில் சாமான் வாங்க நிற்கிறவர்களையும் கூப்பிடுவார். "பாத்துக்குங்க, சைபர். முதல்ல இதைப் பாருங்க, அப்புறம் பொருளை வைக்கச் சொல்லுங்க. பாக்காம வாங்கினா தப்பு உங்க மேலதான்." கடைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருமுறை கறிக்கடைக்காரர் ஒருவர் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்து, பத்துப் பேர் பார்க்க அதை எடுத்துக் கடை ஷட்டரிலேயே ஒட்டிவிட்டு வந்தார். "எடை குறைக்கறவன் திருடனைவிட மோசம். திருடனாவது ஒளிஞ்சு வந்து எடுப்பான். இவன் நம்ம மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே எடுக்கறான்" என்று அன்றைக்குச் சொன்னதைக் கடைத்தெரு இன்னும் மறக்கவில்லை.

ஊருக்கு உபதேசம் சொல்வது சுலபம். வீடு வேறு கதை.

அவர் மனைவியைத் தெருவில் தையல்காரம்மா என்பார்கள். முன் அறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டு இருபத்தாறு வருஷம் தைத்தவள். இப்போது தையல் மெஷின் சமையலறைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் தலைப்பக்கம் உயர்த்துகிற இரும்புக் கட்டில் வந்துவிட்டது. வயிற்றில் ஆரம்பித்த புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் போயிருந்தது. "இனி நோயை விரட்டற வைத்தியம் இல்லை. ஆனா வலியை எங்களால பாத்துக்க முடியும். வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க" என்று டாக்டர் சொன்ன அன்று, வண்டியில் திரும்பும்போது அவள் ஒரே ஒரு விஷயம்தான் பேசினாள்.

"ஏங்க, எது வந்தாலும் இனிமே அந்த வார்டு வேண்டாம். நம்ம ஜன்னல்கிட்டயே இருக்கட்டும்."

"சத்தியமா" என்றார் அவர்.

வார்டு என்றால் அவளுக்கு ஏன் பயம் என்று அவருக்குத் தெரியும். அங்கே இருந்தபோது ஒரு ராத்திரி பக்கத்துக் கட்டில்காரி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். விடிகிறபோது கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். யாரைக் கூப்பிட்டாள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அதை அவள் நாலு தடவை அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்கு நர்ஸ் வருவார். நாற்பது வயதிருக்கும், ஸ்கூட்டரில் வருகிறவர், செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறவர். முதல் நாளே மார்ஃபின் மருந்தையும் ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சையும் கொடுத்து, சிரிஞ்சில் அஞ்சு மில்லி அளவில் சிவப்பு டேப்பை ஒட்டிக் காட்டினார்.

"அண்ணா, இந்தச் சிவப்புக் கோடு வரைக்கும் இழுத்து வாயில ஊத்திடுங்க. காலையில ஆறு, பத்து, ரெண்டு, ஆறு, பத்து. வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. வரதுக்கு முன்னாடியே குடுக்கற மருந்து இது. குடுத்ததும் நோட்டுல எழுதிடுங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அளவு, நேரம், நோட்டு. இவருக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் தையல்காரம்மாவின் தங்கை வந்தாள். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. அக்காமேல் உயிரையே வைத்திருக்கிறவள், ஆனால் தெரியாத விஷயம் என்று ஒன்று இருப்பதாக அவள் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டு, அவரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள்.

"மாமா, இது அபின் வகையாச்சே. உடம்புக்குப் பழகிட்டா அப்புறம் எவ்வளவு குடுத்தாலும் கேக்காதாம். கடைசியில பெரிய வலி ஒண்ணு வரும்னு சொல்வாங்க. எல்லாத்தையும் இப்பவே தீத்துட்டா அப்ப என்ன குடுப்பீங்க? கொஞ்சம் கையிருப்பு வெச்சுக்குங்க."

சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் கையிருப்பு என்கிற வார்த்தை மட்டும் போகவில்லை. அவர் வீட்டில் எல்லாமே இரண்டு இருக்கும். டார்ச் இரண்டு, பூட்டு இரண்டு, பழைய மழைக்கோட்டு கிழிவதற்கு முன்னாலேயே புதுசு. கையில் கொஞ்சம் மிச்சம் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அன்றைய அடுத்த வேளையிலேயே ஆரம்பித்தார். அஞ்சு மில்லி இழுத்தார். மூன்றை அவளுக்குக் கொடுத்தார். இரண்டை, கழுவிக் காயவைத்த ஒரு இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி, கருவிப் பெட்டியில் சோதனைப் படிக்கற்களுக்குப் பின்னால் நிறுத்தினார். நோட்டில் அஞ்சு என்று எழுதினார். முதல் நாள் எழுதும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்கவில்லை. தப்புக்கு அதுதான் குணம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் ஒருத்தியை வைத்துக்கொண்டே முழு வைத்தியர் ஆகிவிட்டார். கூடவே கொடுத்திருந்த மலச்சிக்கல் மருந்தில் மட்டும் கைவைக்கவில்லை, அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கொடுத்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் அவர் மிச்சம்பிடித்தது தனக்காக இல்லை. அந்தப் பெரிய வலி வந்து வாசலில் நிற்கும்போது, தன் கையில் ஒன்றும் இல்லாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்துவிடுமோ என்பதுதான் பயம். அந்தப் பயத்தில் அவருக்குக் கண்ணெதிரே இருந்தது தெரியாமல் போய்விட்டது.

கண்ணெதிரே என்ன இருந்தது என்றால், அவள் கால் விரல்கள். எப்போது பார்த்தாலும் உள்ளே மடங்கி, போர்வையை இறுக்கிப் பிடித்திருக்கும். வலிக்கிறதா என்று கேட்டால், "பரவாயில்லை" என்பாள். ஒரு நாள் மட்டும் ஒன்று கேட்டாள்.

"ஒரு தடவை தலைக்குத் தண்ணி ஊத்தி விடறீங்களா?"

சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டி, நிறுத்தியபிறகு இப்போதுதான் இரண்டு விரற்கடை உயரத்துக்கு முளைத்திருந்தது. வந்த புது முடி இன்னும் ஒரு தடவைகூட ஒழுங்காகத் தண்ணீர் பார்க்கவில்லை. அவர் வாளியெல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு, கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்து லேசாகத் தூக்கினார். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முப்பது வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை. தலையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்ன நினைத்தார் தெரியுமா? பெரிய வலி கிட்ட வந்துவிட்டது, நல்லவேளை சேர்த்து வைத்தோம் என்று நினைத்தார்.

பதினோராம் நாள் நர்ஸ் டாக்டரிடம் பேசி அளவை ஏழு மில்லியாக உயர்த்தினார். சிவப்பு டேப் மேலே ஏறியது. இவர் நாலு கொடுத்தார், மூன்றைச் சேர்த்தார், ஏழு என்று எழுதினார். இருமல் மருந்து பாட்டில் நிறைந்து இரண்டாவது பாட்டில் வந்தது.

பதினெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. நர்ஸ் வந்தார், போர்வையை விலக்கி மடங்கிய விரல்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாகத் தொட்டு விரித்துப் பார்த்தார். விட்டதும் அவை திரும்ப மடங்கிக்கொண்டன. நர்ஸ் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். இவரும் பின்னால் போனார்.

"அண்ணா, ஏழு மில்லிக்கும் அடங்கலைன்னா வீட்டுல வெச்சுப் பாக்க முடியாது. டாக்டர்கிட்ட பேசிட்டுத்தான் வந்தேன். திங்கக்கிழமை வார்டுல சேத்துடலாம். ஊசி வழியா குடுத்துப் பாப்பாங்க."

"அவ வார்டு வேண்டாம்னு சொன்னாளேம்மா. நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"தெரியும். அக்கா எங்கிட்டயும் சொன்னாங்க. ஆனா வலியோட வெச்சுக்கிட்டு இருக்கறது பாவம் இல்லையா?" நர்ஸ் நோட்டைப் புரட்டினார். "இதைக் கையோட கொண்டு வந்துடுங்க. இதுல இருக்கற அளவை வெச்சுத்தான் ஊசி எவ்வளவுன்னு முடிவு பண்ணுவாங்க. நிறைய வீட்டுல எழுதவே மாட்டாங்க. நீங்க ஒரு வேளை விடாம எழுதியிருக்கீங்க."

அந்தப் பாராட்டு அவருக்குச் செருப்படி மாதிரி விழுந்தது. சைபர் சரியில்லாத மெஷினில் எதை வைத்தாலும் தப்பாகத்தான் காட்டும். அதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்த நோட்டுல இருக்கறது தப்பா இருந்தா?"

"எப்படித் தப்பா?"

"கம்மியா குடுத்துட்டு, ஜாஸ்தின்னு எழுதியிருந்தா."

"அப்ப அவங்க போடற ஊசி இந்த உடம்புக்கு ரொம்ப அதிகமாப் போயிடும். மூச்சே மந்தமாயிடும்." நர்ஸ் நோட்டை மூடினார். "ஏன் கேக்கறீங்க?"

இன்னும் தப்பிக்க வழி இருக்கிறதா என்று அவர் மனசு ஓடியது. இன்றிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஏழையும் முழுசாகக் கொடுத்துவிடலாம், வலி அடங்கினால் வார்டும் வேண்டாம், வாயும் திறக்க வேண்டாம். ஆனால் நாலிலிருந்து ஏழுக்குத் திடீரென்று தாவினால் அந்த உடம்பு தாங்குமா? அதை யாரைக் கேட்பது? பதில் தெரிந்தவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும். குனிந்து அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த கருவிப் பெட்டியை இழுத்து, படிக்கற்களை ஒதுக்கி, இரண்டு பாட்டில்களையும் எடுத்து மேடைமேல் வைத்தார்.

"என்ன இது?"

"அவளோட மருந்துதான். சேத்து வெச்சேன்."

நர்ஸ் ஒரு பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு?"

"பின்னால பெரிய வலி வரும்போது..."

"பெரிய வலி வந்து பதினேழு நாளாச்சுண்ணா."

குக்கரோ விசிறியோ ஏதாவது சத்தம் போட்டால்கூட நன்றாக இருக்கும் என்று இருந்தது அவருக்கு. ஒன்றும் சத்தம் போடவில்லை.

"இது தொட்டித் தண்ணி இல்லை, இன்னிக்கு மொண்டுட்டா நாளைக்கு இல்லாமப் போறதுக்கு" என்றார் நர்ஸ். "வலி கூடினா அளவைக் கூட்டலாம். இன்னும் கூடினா இன்னும் கூட்டலாம். வலிக்குக் குடுக்கறதும் போதைக்குக் குடிக்கறதும் ஒண்ணு இல்லை. உங்களை நல்லாத் திட்டணும் போல இருக்கு." கையிலிருந்த பாட்டிலை மேடைமேல் வைத்தார். "எங்க மேலயும் தப்பு இருக்கு. எப்படிக் குடுக்கணும்னு சொன்னேன். எதுக்காவது பயமா இருக்கான்னு கேக்கவே இல்லை."

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். டாக்டர் சொன்னதை இவரிடம் திருப்பிச் சொன்னார். ஏழு வேண்டாம். இன்றிலிருந்து அஞ்சு, முழுசாக. ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாம், விரல்கள் விரிந்தால் வார்டு வேண்டாம். பிறகு டேப்பை உரித்துப் பழைய இடத்தில் ஒட்டினார், அந்த இரண்டு பாட்டில்களையும் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அதை நான் சொல்லக் கூடாது."

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த வீட்டில் சமையலறைக்கும் முன் அறைக்கும் நடுவே ஒரு திரைதான்.

"இங்க வாங்க" என்றாள்.

போய்க் கட்டிலருகே நின்றார். கறிக்கடைக்காரர் அன்றைக்கு எப்படி நின்றாரோ அப்படித்தான் நின்றார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இருபத்தாறு வருஷம் அளவு எடுத்தவ நான். கால் இஞ்சு குறைஞ்சா கண்ணுக்குத் தெரியும். கோடு எங்க இருக்கு, மருந்து எங்க நிக்குதுன்னு தெரியாதா?"

"தெரிஞ்சுமா கேக்காம இருந்தே?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மருந்து சரியா கிடைக்கலையோன்னு நெனச்சேன். எங்கெங்கயோ அலைஞ்சு, கிடைச்சதைப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கறீங்க போலன்னு. நான் கேட்டு, நீங்க இல்லைன்னு சொல்ற மாதிரி ஆயிட்டா, உங்க மனசு என்ன பாடுபடும்?"

ஒரு கிராமுக்காகக் கடைத்தெருவில் சட்டையைப் பிடித்தவர், அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பதினேழு நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது அவருடைய மானத்துக்காக என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"போதும், எழுந்திருங்க" என்றாள். "ரெண்டு மணிக்கு ஒழுங்கா அளந்து குடுங்க. எங்கிட்ட காட்டிட்டுக் குடுங்க. ஊரையெல்லாம் பாத்து வாங்கச் சொல்றீங்க, எனக்கு மட்டும் என்ன?"

இரண்டு மணிக்கு சிரிஞ்சைக் கழுவித் துடைத்து, காலியாக அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனார். "சைபர்" என்றார். பிறகு சிவப்புக் கோடு வரைக்கும் இழுத்து, அவள் கண்மட்டத்தில் பிடித்தார். அவள் அவசரப்படாமல், வாங்க வந்த ஆள் மாதிரியே பார்த்தாள்.

"சரியா இருக்கு. ஊத்துங்க."

சனிக்கிழமை சாயங்காலம் அவள் தானாகவே டீ கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் போர்வையை விலக்கிப் பார்த்தபோது விரல்கள் விரிந்து கிடந்தன. நர்ஸுக்குப் போன் செய்து, "விரிஞ்சிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் நர்ஸ் "அப்பாடா" என்றது தெருவுக்கே கேட்டிருக்கும். திங்கட்கிழமை யாரும் எங்கும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்தபோது தங்கையும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பத்து மணி மருந்து உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் விரிப்பின் இரண்டு ஓரத்தையும் சுருட்டி வாய்க்கால் மாதிரி வாளிக்குள் இறக்கினார்கள். தங்கை வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்ற, நர்ஸ் ஷாம்பு போட, அவர் இரண்டு கையாலும் அவள் தலையை ஏந்திக்கொண்டார். அந்தச் சத்தம் வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "காதுக்குப் பின்னால நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க" என்றாள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே தங்கை மெதுவாகச் சொன்னாள். "மாமா, நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்குன்னு என்னமோ சொல்லிட்டேன்."

"நீ சொன்னே அவ்வளவுதான். அளந்தது நான்" என்றார்.

துவட்டி முடித்ததும் தையல்காரம்மா கையைத் தூக்கித் தன் தலையைத் தானே தடவிப் பார்த்தாள். "நரைச்சு முளைச்சிருக்கா?"

"பாதிக்குப் பாதி" என்றார் அவர்.

"பொய் சொல்லாதீங்க, உங்க அளவை நான் நம்பறதில்லை" என்றாள். நாலு பேரும் சிரித்தார்கள். அவள் சிரித்தபோது வலிக்கவில்லை என்பதை அவர் கவனித்தார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். வலி கூடத்தான் செய்தது. அஞ்சு ஏழாயிற்று, ஏழு பத்தாயிற்று, சிவப்பு டேப் ஏறிக்கொண்டே போனது. ஒரு தடவைகூட மருந்து கைவிடவில்லை. அவர் பயந்து பயந்து சேர்த்து வைத்த அந்த நாள் வரவே இல்லை. தையல் மெஷினைக் கட்டிலருகே கொண்டுவரச் சொல்லி, ஜன்னலோரம் படுத்துக்கொண்டே தங்கைக்கு அதில் நூல் கோர்க்கச் சொல்லிக்கொடுத்தாள். தெருவில் போகிற பெண்களின் சட்டைகளைப் பார்த்து, எவள் தைத்த கை சுருங்கியிருக்கிறது என்று அவரிடம் குறை சொன்னாள். ஒவ்வொரு வேளையும் அவர் முதலில் சைபரைக் காட்டினார், பிறகு கோட்டைக் காட்டினார். அவள் பார்த்து, தலையசைத்த பிறகுதான் ஊற்றினார்.

கடைசி இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. விழுங்கவும் முடியவில்லை. கன்னத்தின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லி நர்ஸ் காட்டிக்கொடுத்தார். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு நர்ஸும் பக்கத்தில் இருந்தார். அவர் காலி சிரிஞ்சை மூடிய கண்களுக்கு நேரே பிடித்தார். "சைபர்" என்றார். கோடு வரைக்கும் இழுத்துத் திரும்பவும் அதே இடத்தில் பிடித்தார்.

"அக்கா பாக்கலையேண்ணா" என்றார் நர்ஸ், மெதுவாக.

"அவ பாக்காட்டி என்னம்மா, நான் காட்டணும் இல்லையா?"

ஒரு ஆள் பார்த்து முடிக்கிற நேரம் காத்திருந்தார். பிறகு கன்னத்துக்குள் விட்டார்.

பகல் ஒன்றரை மணிக்கு, ஜன்னல் திறந்திருக்க, தங்கை ஒரு கையையும் அவர் ஒரு கையையும் பிடித்திருக்க, அவள் போய்விட்டாள். கால் விரல்கள் விரிந்தே இருந்தன. நர்ஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போன் பேச வெளியே போனார்.

அவர் சிரிஞ்சை எடுத்துக் கழுவினார். துடைத்தார். நோட்டைப் பிரித்து, அன்றைய தேதியில் இரண்டு மணிக்கு நேரே சைபர் என்று எழுதினார்.